ஐந்து முயல்களும் வராத ஆமையும்

செங்கல்பட்டில் தங்கை வீட்டுக்கு எப்போது போனாலும் என் கையில் முதலில் வந்து சேர்வது தண்ணீர்ச் செம்பு அல்ல, ஒரு பழைய செருப்புப் பெட்டி. தங்கை மகளுக்கு ஒன்பது வயது. பெட்டிக்குள் அவள் சேர்த்து வைத்திருக்கும் விலங்குகள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. யானை, நரி, பென்குயின், மான், முயல் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் வெள்ளித்தாள் போல மினுங்கும் பைக்குள் அடைபட்டு வந்தது. பையைக் கிழிக்கும்வரை உள்ளே இருப்பது எது என்று வாங்குகிற பிள்ளைக்கும் தெரியாது, விற்கிற கடைக்காரருக்கும் தெரியாது. பிள்ளைகள் இதைச் 'சர்ப்ரைஸ் பாக்கெட்' என்கிறார்கள். பாக்கெட்டுக்குள் மடித்து வைத்த தாளில் பன்னிரண்டு விலங்குகளின் படமும் இருக்கும். கிடைத்தவற்றுக்கு அவள் சிவப்புப் பேனாவால் டிக் அடித்து வைத்திருந்தாள்.

"மாமா, இருபத்து மூணு பாக்கெட் பிரிச்சாச்சு. முயல் மட்டும் அஞ்சு. ஆமையும் ஆந்தையும் வரவே மாட்டேங்குது" என்றாள். அவளுக்கு ராசி இல்லை என்றாள் அவள் அம்மா. அன்று இரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தாளில் தொடங்கியது.

கணிதத்தில் இதைக் கூப்பன் சேகரிப்போர் கணக்கு என்பார்கள். பன்னிரண்டு விலங்குகளும் ஒரே அளவில் கலந்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பை எப்படியும் புதியதுதான். இரண்டாவது பை புதியதாக இருக்க 12இல் 11 பங்கு வாய்ப்பு. சேரச் சேர வாய்ப்பு சுருங்குகிறது. ஆறு விலங்குகள் சேர்ந்த பிறகு, பிரிக்கும் பைகளில் பாதி ஏற்கெனவே இருப்பதையே தரும். பதினொன்று சேர்ந்த பிறகு, கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக 12 பைகள் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் முழுத் தொகுப்புக்குச் சராசரியாக 37 பைகள். இந்த 37 எப்படிப் பிரிகிறது என்பதுதான் முக்கியம். முதல் ஆறு விலங்குகள் ஏறக்குறைய 8 பைகளில் வந்துவிடும். மீதி ஆறுக்கு 29 பைகள் ஆகும். எளிதாக வருகிறதே என்ற நம்பிக்கையைத் தொடக்கமே கொடுத்துவிடுகிறது. அந்த நம்பிக்கைக்கான விலையைப் பின்பாதி வசூலிக்கிறது.

23 பைகளில் எத்தனை வகை கிடைக்கும் என்றும் பார்த்தேன். சராசரி 10.4. அவளிடம் பத்து வகை இருந்தது. நாட்டில் இந்தப் பையைப் பிரிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கக்கூடியதே அவளுக்கும் நடந்திருக்கிறது. பை ஒன்று 50 ரூபாய் என்றால் இதுவரை 1,150 ரூபாய். ஆமைக்கும் ஆந்தைக்கும் சராசரியாக இன்னும் 18 பைகள், அதாவது 900 ரூபாய் வேண்டும். பத்து விலங்குகளுக்கு ஆன செலவில் முக்கால் பங்குக்கு மேல் இரண்டே விலங்குகளுக்கு ஆகும்.

இதுவும் எல்லா விலங்குகளும் சம அளவில் கலந்திருந்தால்தான். இன்று உலகம் முழுவதும் வரிசையில் நின்று வாங்கப்படும் லபூபூ பொம்மைகளில், 72 பெட்டிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஓர் 'இரகசியப் பொம்மை' வைக்கப்படுகிறது. 72 பெட்டிகள் வாங்கினால் அது கிடைத்துவிடும் என்று தோன்றும். உண்மையில் 72 பெட்டிகள் வாங்கிய நூறு பேரில் ஏறக்குறைய 37 பேர் அதைப் பார்க்காமலே வீடு திரும்புவார்கள். ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லங் 2015இல் வரைந்த உருவம் லபூபூ. அதைப் பெட்டியில் அடைத்து விற்கும் பாப் மார்ட் நிறுவனம் 2010இல் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்டது.

ஆனால் மூடிய பொதிக்குள் சிறு விலங்கை வைத்து விற்பது இவர்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் உருண்டைக் கூடு விழும் இயந்திரங்கள் 1965இல் வந்துவிட்டன. கனடாவில் 1967 முதல் ரெட் ரோஸ் தேயிலைப் பெட்டிக்குள் இங்கிலாந்தின் வேட் மட்பாண்டத் தொழிற்சாலை செய்த பீங்கான் விலங்குகள் வந்தன. இத்தாலியில் 1974இல் சாக்லேட் முட்டைக்குள் பொம்மை வைத்தார்கள். 1999இல் ஜப்பானின் ஃபுருதா மிட்டாய் நிறுவனமும் கையோதோ என்ற சிற்ப நிறுவனமும் சேர்ந்து ஒன்று செய்தன. சாக்லேட் முட்டைக்குள் ஜப்பானிய விலங்குகளின் சின்னஞ்சிறு உருவங்களை உயிரியல் துல்லியத்தோடு வடித்து வைத்தன. பெரியவர்களும் அதன் பின்னால் அலைந்தார்கள். தம் நாட்டு விலங்குகளின் உடலமைப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அதில் இருந்தது. மூடிய பொதிக்குள் வரும் பொருள் மட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு வரிசையை வைத்துத்தான்.

நம் நாட்டுக் கதை இன்னும் நெருக்கமானது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 'பினாக்கா' என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் இலங்கை வானொலியில் 1952இல் தொடங்கி அமீன் சயானி நடத்திய பினாக்கா கீத்மாலாவை நினைப்பார்கள். மீதிப் பேரின் விரல்கள் எதையோ பிடிப்பதுபோல் கூடும். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்துப் பற்பசை அது. அட்டைப்பெட்டிக்குள் குழாயோடு ஒரு குட்டிப் பிளாஸ்டிக் விலங்கு இருக்கும். மாதச் சாமான் பை வீட்டுக்குள் வந்ததும் யார் அந்தப் பெட்டியைத் திறப்பது என்று அண்ணன் தம்பிகளுக்குள் அடிதடி நடந்த வீடுகள் ஏராளம். அங்கேயும் உள்ளே எது என்று தெரியாதுதான். அப்படியானால் இன்றைய பைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

வேகம்தான் வேறுபாடு. பற்பசை தீர்ந்தால்தான் அடுத்த பெட்டி. ஒரு குழாய் தீர ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும். வேண்டுமென்றே நிறையப் பிதுக்கித் தேய்த்தாலும் ஒரு வாரம்தான் முன்னதாகத் தீரும். அதுவரை கையில் இருக்கிற ஒட்டகத்தோடுதான் வாழ வேண்டும். அது மேசைமேல் நடக்கும், பாயின் மடிப்பில் ஏறும், தீப்பெட்டிக்குள் தூங்கும். ஒரே மாதிரி இரண்டு வந்தால் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வேண்டும். வியப்பு என்பது பற்பசை என்ற தேவையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த இனாம். இன்றைய பையில் ஓரமாக இருந்தது நடுவுக்கு வந்துவிட்டது. பற்பசை போய்விட்டது. தேவை போய்விட்டதால் காத்திருப்பும் போய்விட்டது. கையில் காசு இருக்கும்வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிக்கலாம்.

பெட்டிக்கடைகளில் தொங்கிய பரிசு அட்டைகளையும் சொல்ல வேண்டும். ஓர் அட்டையில் மடித்த சீட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். சில்லறை கொடுத்து ஒன்றைக் கிழித்து எண்ணைப் பார்க்க வேண்டும். உச்சியில் தொங்கும் பெரிய பொம்மை பெரும்பாலும் கடைசிவரை தொங்கிக்கொண்டே இருக்கும். சிறு வயதில் அதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் நான். ஒரு தடவைகூட அந்தப் பொம்மையை யாரும் வாங்கிப் போய் நான் பார்த்ததில்லை. இன்றைய பையின் தாய்வழி பினாக்கா என்றால், தந்தைவழி இந்த அட்டை.

கிழிக்கும் கணத்துக்கு ஏன் இவ்வளவு ஈர்ப்பு? நரம்பியலில் இதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவரது சகாக்களும் குரங்குகளை வைத்துச் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. திரையில் ஒரு படம் தோன்றும், சிறிது நேரம் கழித்துப் பழச்சாறு ஒரு துளி வரும் அல்லது வராது. எந்தப் படத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைக் குரங்குகள் பழகிக்கொண்டன. நிச்சயம் வரும் என்று தெரிந்த சாறு வந்தபோது டோபமின் நரம்பணுக்கள் பெரிதாகக் கிளரவில்லை. படத்துக்கும் சாற்றுக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில்தான் வேறொன்று நடந்தது. வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோது, காத்திருக்கும்போதே நரம்பணுக்களின் துடிப்பு படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. சாற்றைவிட, சாறு வருமா என்ற கேள்வியே அந்த ஏற்றத்தை உண்டாக்கியது.

தங்கை மகள் பையைக் கிழிக்கும்போது நான் அவள் முகத்தைக் கவனித்திருக்கிறேன். விரலால் வெளியே தடவி, காதா கொம்பா என்று யூகிக்கும்போது கண் விரிகிறது. ஓரத்தைக் கிழிக்கும்போது மூச்சு நிற்கிறது. பொம்மை வெளியே வந்ததும் முகம் ஒரு நொடியில் இறங்கிவிடுகிறது, புதிய விலங்காக இருந்தால்கூட. டிக் அடித்துப் பெட்டியில் போட்டாயிற்று. அந்த நரியின் வால் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் சொன்னாள். வாங்கியது நரியை என்றால் வால் நினைவிருந்திருக்கும். அவளுக்கு விற்கப்பட்டது நரிக்கு முந்தைய பத்து வினாடிகள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போகிற தூரம்தான். உபதேசம் செய்யும் எண்ணம் இல்லை. விலங்குகளை விரும்பும் பிள்ளைக்கு, தமிழ்நாட்டில் விலங்குகளை மிகுந்த அன்போடு பார்த்த மனிதர்கள் வேலை செய்த இடத்தைக் காட்ட வேண்டும் என்பதுதான்.

அர்ச்சுனன் தபசு என்றும் கங்கையின் இறக்கம் என்றும் சொல்லப்படும் அந்தப் பாறை ஏறக்குறைய 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்டது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. முதலில் கண்ணில் படுவது யானைகள்தான், கிட்டத்தட்ட நிஜ அளவில். அடுத்து, அவற்றின் கால்களுக்கு இடையே குட்டிகள். அதற்குப் பிறகும் நகராமல் நிற்பவர்களுக்கு மட்டும் பாறை மேலும் திறக்கிறது. பெரிய யானையின் முன்னால், கீழே, ஒரு பூனை பின்னங்கால்களில் நிமிர்ந்து முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். தவம் செய்வதாக நடித்து எலிகளை நம்பவைத்துத் தின்னும் பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. மேலே பாறையில் எலும்பு தெரியக் கைதூக்கி நிற்கும் தவசியின் நிலையைத்தான் பூனை அப்படியே செய்துகாட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே அவ்வளவு உருவங்கள் இருப்பதால், தவசியைப் பார்த்த கண் பூனைக்கு வந்து சேர நேரமாகும். சேர்ந்ததும் மறுபடி மேலே பார்க்கத் தோன்றும்.

இன்னோர் இடத்தில் ஒரு மான் பின்னங்காலை முன்னால் கொண்டுவந்து மூக்கைச் சொறிந்துகொள்கிறது. கதைக்கு அந்த மான் தேவையே இல்லை. மான் அப்படிச் செய்வதை எங்கோ நின்று பார்த்த ஒருவர், அதைக் கல்லில் வைக்காமல் விட மனம் வராமல் வைத்திருக்கிறார். தனிக் கல்லில் செதுக்கிய குரங்குக் குடும்பமும் அருகில் உண்டு. ஆண் குரங்கு பெண்ணின் தலையில் பேன் பார்க்கிறது, பெண் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. கிருஷ்ண மண்டபத்தில் ஓர் ஆயர் பால் கறக்கிறார், பசு தன் கன்றை நாவால் நக்கிக்கொடுக்கிறது. ஐந்து ரதங்களுக்குப் போனால் நகுல சகாதேவ ரதத்தின் பக்கத்தில் ஒற்றைக்கல் யானை நிற்கிறது. அந்த ரதத்தின் பின்பகுதி யானையின் முதுகுபோல் வளைந்த அமைப்பு. தமிழில் தூங்கானை மாடம் என்பார்கள். கட்டடத்தின் வடிவுக்கு விளக்கவுரையாக யானையை அருகிலேயே நிறுத்தியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். யானையின் பின்புறமாகப் போய் நின்று ரதத்தையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றக்கூடும்.

கடற்கரைக் கோயிலில் அமர்ந்திருக்கும் கற்சிங்கத்தைத்தான் அவளுக்குக் கடைசியாகக் காட்டினேன். அதன் மார்பில் சதுரமாக ஒரு மாடக்குழி. குனிந்து உள்ளே பார்த்தால் கொற்றவை, குட்டியாக. அவள் "உள்ளே ஒரு பொம்மை!" என்று கத்தினாள். நான் இந்தச் சிங்கத்தை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். அதை ஒரு பெட்டியாக, உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கும் பொதியாக, அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஒரு கூச்சலில் என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வியப்பு இரண்டு வகை. ஒன்று பார்ப்பதற்கு முன்னால் இருந்து, பார்த்ததும் தீர்ந்துபோவது. அடுத்தது, பார்க்கத் தொடங்கிய பிறகே தொடங்குவது. முன்னதைத் திரும்பப் பெற இன்னொரு பை வாங்க வேண்டும். பின்னதற்கு இன்னொரு தடவை பார்த்தால் போதும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் மணல் அரித்துப் பாறைகள் வெளிப்பட்டன. அவற்றில் யானைத் தலை, பாயும் குதிரை, படுத்திருக்கும் சிங்கம் என்று செதுக்கல்கள் இருந்தன. கடல் கிழித்துத் தந்த பொதி அது. ஆனால் வெளிவந்த அந்த விலங்குகளை யாரும் டிக் அடித்துவிட்டு நகரவில்லை. பார்ப்பது அன்றுதான் தொடங்கியது.

சிறியதாகச் செய்யப்பட்ட விலங்கின் மீது மனிதருக்கு உள்ள பிடிப்பு மிகப் பழையது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரியா 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்த வெண்கலப் பொருள்களில், மூடிகளின் மேல் எருமையும் பறவைகளும் நிற்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். சங்கப் பாடல்களிலேயே தச்சர் செய்த பொம்மைத் தேரை இழுத்து விளையாடும் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். ஏன் சிறியது பிடிக்கிறது என்பதற்கு மானிடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் ஒரு காரணம் சொன்னார். பெரிய பொருளைப் பகுதி பகுதியாக அறிந்துதான் முழுமைக்குப் போகிறோம். சிறிய உருவத்தில் முழுமை முதலில் கிடைத்துவிடுகிறது, பகுதிகள் பிறகு வருகின்றன. அர்ச்சுனன் தபசின் யானையை முழுதாகப் பார்க்கப் பின்னால் நகர வேண்டியிருக்கிறது. உள்ளங்கை யானையை முழுதாகப் பார்த்துவிட்டு, பிறகு அதன் நகத்துக்கு வருகிறோம்.

அந்த உள்ளங்கை யானைகள்தான் இன்றைய மாமல்லபுரத்தின் சிறு வியாபாரம். 1957இல் இங்கே தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சி மையம், இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. கணபதி ஸ்தபதி போன்றவர்கள் அதை வழிநடத்தினார்கள். உலகக் கைவினை மன்றம் 2015இல் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெரிய பட்டறைகளில் வெளிநாட்டுக் கோயில்களுக்கான கருங்கல் சிலைகள் உருவாகின்றன. அதே தெருவின் வாசல் பலகைகளில் நந்தி, யானை, ஆமை, தவளை என்று சிறு உருவங்கள் வரிசையாக இருக்கும். சில கருங்கல், பல மாக்கல். மாக்கல் மென்மையானது. உளி வேலை முடிந்ததும் அரத்தால் இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வழவழப்பு வந்துவிடும். கிரைண்டர் வந்தபிறகு வேலை வேகமாகிறது. கல்தூசியும் அதே அளவுக்கு வேகமாக நுரையீரலுக்குள் போகிறது. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்யும் சிற்பிகளைப் பார்க்கும்போதெல்லாம், கல்தூசியை வடிகட்டும் முகக்கவசம் இவர்களுக்குக் கொடுப்பது ஓர் அரசுக்கு அவ்வளவு பெரிய செலவா என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஐந்து ரதச் சாலையில் ஒரு கடையில் அவள் ஆமைகளைப் பார்த்துவிட்டாள். பலகையில் பதினைந்து இருக்கும், எல்லாம் மாக்கல். கடைக்காரரே செதுக்குபவர். "எல்லாத்தையும் எடுத்துப் பாரு பாப்பா. தலைகீழா திருப்பிப் பாரு, வயித்துலயும் வேலை இருக்கு" என்றார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒன்றின் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது, ஒன்றின் ஓட்டில் கட்டங்கள் சற்று நெருக்கம், ஒன்றுக்கு வால் இல்லவே இல்லை. "ஏன் இதுக்கு வால் இல்ல?" என்று கேட்டாள். "அந்த இடத்துல கல்லு உதிர்ந்துடுச்சு. அது வாலை உள்ள இழுத்துக்கிச்சுன்னு வச்சுக்கோ." அரை மணி நேரம் ஆனது. கடைசியில் வால் இல்லாததையே எடுத்தாள். விலை 150 ரூபாய், மூன்று பாக்கெட்டின் விலை.

மூடிய பையில் இந்த அரை மணி நேரத்துக்கு இடம் இல்லை. தேர்வு செய்யும் வேலையைப் பை அவளிடமிருந்து பறித்துக்கொள்கிறது. தேர்வு செய்வதற்குத்தான் கண் வேண்டும். இரண்டு ஆமைகளுக்கு நடுவே என்ன வேறுபாடு, தனக்கு ஏன் இது பிடிக்கிறது, அது பிடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். சேகரிப்பவர் என்று நாம் மதிப்போடு சொல்பவர்கள் எல்லாரும் இந்தக் கண்ணை வளர்த்துக்கொண்டவர்கள். இதே மாமல்லபுரத்தில் உள்ள கடற்சிப்பி அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய 40,000 சங்குகளும் சிப்பிகளும் இருக்கின்றன. ஒரு தனிமனிதர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தவை. கடல் அவருக்கு அனுப்பியதும் ஒரு வகையில் மூடிய பைதான், எந்த அலையில் எது வரும் என்று தெரியாது. ஆனால் இதை வைத்துக்கொள்வதா, விடுவதா, எதன் பக்கத்தில் வைப்பது என்ற முடிவு அவருடையது.

சட்டம் இதில் என்ன செய்கிறது என்றும் பார்த்தேன். தமிழ்நாட்டில் 1968இல் அரசே தொடங்கிய பரிசுச் சீட்டுத் திட்டமும் பிற லாட்டரிகளும் 2003இல் தடைசெய்யப்பட்டன. ஏழைகளின் கூலி சீட்டுக் கடைகளில் கரைந்ததை அப்போது ஊரே பார்த்தது. சர்ப்ரைஸ் பாக்கெட்டை லாட்டரி என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு பையிலும் ஏதோ ஒரு பொம்மை நிச்சயம் இருக்கிறது. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது குழந்தையின் உடல் பாதுகாப்பைப் பற்றியது, எந்த விலங்கு எத்தனைக்கு ஒன்று என்பதில் அதற்கு அக்கறை இல்லை. இந்தப் பெட்டிகள் பெருகிய சீனாவில்தான் அக்கறை முதலில் வந்தது. 2023 ஜூனில் வெளியான அங்குள்ள வழிகாட்டு நெறிகள் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இவற்றை விற்கக் கூடாது என்கின்றன, எந்தப் பொம்மை எந்த விகிதத்தில் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லவும் கேட்கின்றன. பையின் மேல் ஒரு வரி இங்கேயும் அச்சிடப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 'முழுத் தொகுப்புக்குச் சராசரியாக 37 பைகள் தேவைப்படலாம்' என்ற ஒரே வரி. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வரி புரியும். பெற்றோருக்கு நிச்சயம் புரியும்.

கணக்குத் தாளில் இன்னொன்றும் இருந்தது. 37 பைகளில் பன்னிரண்டு வகை என்றால், 25 பொம்மைகள் இரட்டைகள். சேகரிப்புப் பட்டியல் அவற்றை வீண் என்கிறது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து மாற்றிக்கொண்டால் இரு தொகுப்புகளுக்கு 74 பைகள் தேவைப்படாது, கணிசமாகக் குறையும். நாலைந்து பேர் சேர்ந்தால் இன்னும் குறையும். பினாக்கா காலத்துப் பிள்ளைகள் கணிதம் படிக்காமலே கண்டுபிடித்தது இது. ஆனால் அவளுடைய வகுப்பில் எல்லாரிடமும் முயல்கள் இருந்தன, ஆமை யாரிடமும் இல்லை. ஐந்து முயல்களை என்ன செய்வது என்பதற்கு விடை, நான் எதிர்பாராத இடமான கொலுவிலிருந்து வந்தது.

தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சிறு உருவங்களைச் சேர்க்கும் பழக்கம் ஒன்று உண்டென்றால் அது நவராத்திரிக் கொலுதான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்த காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. களிமண்ணிலும் காகிதக்கூழிலும் அச்சு வார்த்து, வண்ணம் தீட்டி, நாடு முழுவதும் அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்பது பல வீடுகளில் வழக்கம். ஒன்றோ இரண்டோதான் வாங்குவார்கள், கடையில் எடுத்துப் பார்த்து, மூக்கின் கூர்மையைப் பார்த்து. முப்பது ஆண்டு ஆன வீட்டில் ஒவ்வொரு பொம்மைக்கும் ஓர் ஆண்டு இருக்கும். இது பெரியவள் பிறந்த வருடம் வாங்கியது, இது அப்பா தவறிய வருடத்துக்கு அடுத்த வருடம் என்று அத்தைமார்கள் சொல்வார்கள்.

படி அடுக்குவதிலும் ஓர் எண்ணம் இருக்கிறது. கீழ்ப்படியில் புல், மரம், அதற்கு மேல் நத்தை, சங்கு, பிறகு எறும்பு, நண்டு, வண்டு, விலங்கு, பறவை, மனிதர், மேலே தெய்வங்கள் என்று ஓரறிவிலிருந்து ஏறிப்போக வேண்டும் என்பார்கள். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த அந்த முறையின் சாயல்தான் இது. நடைமுறையில் எந்த வீடும் இதை அப்படியே கடைப்பிடிப்பதில்லை. செட்டியார் பொம்மையின் பக்கத்தில் கிரிக்கெட் அணியும் இருக்கும். ஆனாலும் ஒன்று உறுதி. கொலுவில் ஒரு பொம்மைக்கு அதன் பக்கத்தில் நிற்கும் பொம்மையால்தான் பொருள் வருகிறது.

படிகளுக்குக் கீழே, தரையில், பிள்ளைகளுக்கு விடப்படும் நிலம்தான் பூங்கா. ஒரு தட்டில் மண் பரப்பி, கடுகையோ கேழ்வரகையோ தூவி, ஒரு வாரம் முன்பே தண்ணீர் தெளித்து வந்தால் நவராத்திரிக்குள் பச்சையாக முளைத்துவிடும். அதுதான் புல்வெளி. கண்ணாடித் துண்டு குளம். நடுவே மிருகக்காட்சி சாலை. இந்த நிலத்தில் இரட்டை என்ற சொல்லே செல்லாது. ஒரே ஒரு முயல் புல்வெளியில் நின்றால் வழிதவறி வந்ததுபோல் இருக்கும். ஐந்து நின்றால் அது முயல் கூட்டம். பல்லவச் சிற்பி எலியை ஒன்றாக நிறுத்தவில்லை, பூனையைச் சுற்றிப் பலவாக நிறுத்தினார். யானைக்குக் கீழே குட்டிகளை நிறுத்தினார். பட்டியலுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்று போதும். காட்சிக்குக் கூட்டம் வேண்டும்.

இந்த ஆண்டு நவராத்திரிக்குப் போனபோது அவள் வீட்டுப் பூங்காவில் கடுகு இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது. ஐந்து முயல்களும் அதற்குள் பாதி மறைந்து நின்றன. நரியை அவள் தட்டின் மூலையில், ஒரு கூழாங்கல்லுக்குப் பின்னால் வைத்திருந்தாள். இப்போது நரியின் வால் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் முயல்களுக்குத் தெரியாதபடி அதை மறைக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு மானைக் கொடுத்துவிட்டுப் பென்குயினை வாங்கிப் போயிருந்தாள். ஆந்தை இன்னும் வரவில்லை. கண்ணாடிக் குளத்தின் ஓரத்தில் மாமல்லபுரத்து மாக்கல் ஆமை இருந்தது, வால் இல்லாமல், பக்கத்தில் நின்ற யானையைவிட மூன்று மடங்கு பெரியதாக. இவ்வளவு பெரிய ஆமையா என்று கொலு பார்க்க வந்த மாமி ஒருவர் கேட்டார். "கிட்ட இருக்கு, அதான் பெருசா தெரியுது. யானை தூரத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் கடுகுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனாள்.